கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள்

ஜனவரி மாத டெல்லிக் குளிரில் ஈரக் களிமண்ணைத் தொட்டிருக்கிறீர்களா? விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை வரை விறைத்துப்போகும். அதனால் எங்கள் மெட்டடார் வேனில் எப்போதும் இரண்டு பிளாஸ்க் இருக்கும். ஒன்றில் காபி. இன்னொன்றில் கை நனைக்க வெந்நீர்...

எழுபதுகளின் கடைசி. நானும் கரோல் பாக் சுதாவும் ஒரே ஸ்டுடியோவில் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கப், ஜாடி, கிண்ணம் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றி, காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு காலனி காலனியாகப் போவோம். ஒருத்தி சக்கரத்தில் உட்கார்ந்து செய்து காட்டுவாள், இன்னொருத்தி விற்பாள். மண் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் பெயரைக் கீறிவிடுவோம். அவள் சுதா, நான் ராஜி. தமிழில்தான்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "எம்.ஏ. படிச்சுட்டு மண்ணைப் பிசையறா" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் புலம்புவாள். அப்பாவுக்கு லோதி ரோடு ஆபீஸில் வேலை. அதிகம் பேசமாட்டார். ஒருநாள் கிளார்க் பரீட்சை அப்ளிகேஷனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை சேல் எப்படிப் போறதுன்னு பார்ப்போம்மா. சரியா வரலேன்னா இதுல கையெழுத்துப் போட்டுடு."

ஆக, அந்த ஒரு ஞாயிறுதான் எனக்கு எல்லாம்.

பெரிய மனிதர்கள் வரும் ஒரு கிளப்பின் புல்வெளி. ஏற்பாடு செய்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். காட்டன் புடவை, கையில் வாட்ச், சோடாபுட்டிக் கண்ணாடி. அவர் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு காக்ரா பாவாடையும் கை நிறைய வளையலும் எடுத்துவந்தார்.

"பேட்டி, சஷ்மா உதாரோ." மகளே என்று கூப்பிட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்ற வேண்டுமாம். வாட்சையும். வருகிறவர்களுக்கு அசல் கிராமத்துப் பெண் சக்கரம் சுற்றுவதைக் காட்ட வேண்டுமாம்.

சுதா என் கையைக் கிள்ளினாள். "அச்சா அச்சான்னு தலையாட்டாதடி. முடியாதுன்னு சொல்லு."

எனக்கு அந்த அப்ளிகேஷன்தான் கண் முன்னால் நின்றது. கழற்றினேன். காக்ராவையும் கட்டிக்கொண்டேன். அவர்கள் மேல் இருக்கும் ஆத்திரத்தில் பாதி இன்றைக்கும் என் மேலேயே இருக்கிறது.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு மனிதர்கள் எல்லாம் வெறும் கலர் கலரான திட்டுகள். ஆனால் கைக்குக் கண்ணாடி வேண்டாமே... ஜாடி நன்றாகவே எழுந்து வந்தது. மைக்கில் அந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பெண் ராஜஸ்தான் கிராமத்திலிருந்து வந்தவள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, ஏழு தலைமுறையாக இதே தொழில்... கும்பகோணத்துக்காரருக்கு டெல்லியில் பிறந்த நான், வாயை மூடிக்கொண்டு உதைத்துக்கொண்டே இருந்தேன். சுதாவின் மேஜையில் ஒரே கூட்டம். ஆளுக்கு நாலு கப் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு திட்டு விலகி என்னிடம் வந்தது. பக்கத்தில் குனிந்த பிறகுதான் தெரிந்தது, அப்பா. சேல் எப்படிப் போகிறது என்று பார்க்க சைக்கிளில் வந்திருக்கிறார். பிளாஸ்க் பக்கத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து நீட்டினார்.

"இது இல்லாம உனக்கு வாசப்படியே தெரியாதே. போட்டுக்கோம்மா."

அவ்வளவுதான் சொன்னார். போட்டுக்கொண்டேன்.

செய்துகாட்டும் இடங்களில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முடித்த ஜாடியை மெல்லிய கம்பியால் நடுவில் இரண்டாக அறுத்துக் காட்டுவோம். அடியிலிருந்து வாய் வரை சுவர் ஒரே கனமாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அன்றும் அறுத்தேன். அறுத்துவிட்டு, என் பெயர் ராஜி, வீடு சரோஜினி நகர் என்று ஆரம்பித்து, மண், சூளை, மெருகு எல்லாவற்றையும் நல்ல இங்கிலீஷில் விளக்கினேன்.

யாரும் கை தட்டவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் எரிகிறது. கப் எடுத்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்ப மேஜையில் வைத்தார்கள். "கிராமத்துச் சாமான்னு நினைச்சோம்" என்று ஒரு பெண்மணி சுதாவிடமே சொன்னாள். அதே மண். அதே கை. நடுவில் என் மூக்கில் ஒரு கண்ணாடி ஏறியது, அவ்வளவுதானே. மைக் அம்மாள் வந்து, விருந்தாளிகளை நான் ஏமாற்றிவிட்டேன் என்றார். நான் ஏமாற்றினேனாம்.

எங்களுக்கு மண் கொடுக்கும் குயவர் குடும்பம் ஊருக்கு வெளியே இருந்தது. நான் ஒன்று செய்வதற்குள் அவர்கள் பத்து செய்வார்கள். அவர்களைக் கூப்பிட்டிருக்கலாமே? கேட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். இவர்களுக்குக் குயவரின் உடுப்பு மட்டும் வேண்டும், குயவர் வேண்டாம்.

வேனில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அப்பா எங்களோடு வந்தார். வழியெல்லாம் ஒரு கப்பைத் திருப்பித் திருப்பி அடியில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விற்காமல் வந்ததையெல்லாம் வீட்டில் பெட்டியில் அடுக்கினோம். இரண்டு கப் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன. அப்பா மேஜையிலிருந்து அந்த அப்ளிகேஷனை எடுத்து, நாலாக மடித்து, நடுவில் செருகினார். பரீட்சையைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

இப்போது என் சக்கரம் மோட்டாரில் ஓடுகிறது. வெந்நீர் குழாயிலேயே வருகிறது. சுதா புனேயில் இருக்கிறாள், போனில் மட்டும் சண்டை போடுகிறோம். அந்த மெட்டடார் குலுக்கலும் பேப்பர் வாசனையும் சில நாள் ரொம்பவே ஞாபகம் வருகிறது...

போன வாரம் ஒரு தமிழ்ப் பையன் போன் பண்ணினான். ஏதோ கைவினைச் சந்தையாம்.

"மேடம், ஒரு ரீல் எடுக்கணும். கை மட்டும் வந்தா போதும். முகம் வந்தா கண்ணாடி மட்டும் வேண்டாம் மேடம், கொஞ்சம் வில்லேஜ் லுக் இருக்கட்டும்."

"கண்ணாடி போட்டுண்டுதான் உட்காருவேன். பேரும் சொல்லுவேன்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றோம் மேடம்."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.