கட்டிலில் படுத்துக் காட்டிய சிஸ்டர்

இன்று அது பல்கலைக்கழகம். வாசலில் காவலர், உள்ளே ஏதேதோ துறைகள். நான் சேர்ந்தபோது அது சேலத்தில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு. நடுவில் கட்டிய தட்டிக்கு இந்தப் பக்கம் நோயாளிகள், அந்தப் பக்கம் நர்ஸ் வேலை பழகும் நாங்கள் ஆறு பெண்கள். யாராவது தும்மினால் இரண்டு பக்கமும் பஞ்சு பறக்கும்.

அந்த நர்ஸ் பள்ளியை நடத்தியவர் கடல் கடந்து வந்த கன்னியாஸ்திரி. சிஸ்டர் என்போம். தமிழை அவர் நாமக்கல், திருச்செங்கோட்டு நோயாளிகளிடமே கற்றுக்கொண்டார். அதனால் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? ஊசிய இப்பிடியா புடிப்பீங்க?" என்று திட்டுவார். சிரிப்பை அடக்குவதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

படுக்கை விரிப்பதில் மட்டும் அவர் யாரையும் விடமாட்டார். ஒரு சுருக்கம் இருந்தாலும் உருவிப் போட்டுவிடுவார். எங்களில் ஒருத்தியும் அதுவரை கட்டிலில் படுத்ததில்லை. நானோ குமாரபாளையத்து நெசவுக்கார வீட்டுப் பெண். விரிப்பை எடுத்தால் இழை நெருக்கமா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். "துணி ஏவாரம் அப்பறம் பண்ணலாமுங்க" என்பார் சிஸ்டர்.

இவ்வளவு பாடுபட்டு விரித்தும் நோயாளிகள் அதில் படுக்கவில்லை. காலில் புண்ணோடு வந்த நாமக்கல் பக்கத்தில் விவசாயம் செய்யும் பண்ணையக்காரர் ஒருவர் கட்டிலுக்கு அடியிலேயே குடியிருந்தார்.

"இத்தன வெள்ளையா விரிச்சு வெச்சிருக்கறீங்க. நான் மண்ணு மெதிக்கறவனுங்க. அழுக்காயிருமுங்க. ஒசரத்துல படுத்தாத் தல வேற சுத்துதுங்க."

பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க, சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருவதாக இருந்தது. அதற்காக சிஸ்டர் பல நாள் தூக்கமில்லாமல் எங்களோடு தரை கழுவி, சுண்ணாம்பு அடித்தார். டாக்டர் வரவேண்டிய அன்று காலையிலும் பண்ணையக்காரர் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தார். சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்க. இப்பிடிப் படுக்கோணுமுங்க. கீழ உழுக மாட்டீங்க" என்று தானே ஏறி நீட்டிப் படுத்தார். "பாத்தீங்களா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. குறட்டை வந்தது.

எழுப்பப் போன என்னைப் பண்ணையக்காரர் தடுத்தார். "தொடாதீங்க சாமி. அம்மிணி தூங்கி எத்தன நாளாச்சோ." கட்டிலுக்கு அடியிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, தரையில் உட்கார்ந்தபடி பனையோலை விசிறியால் வீசத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா டாக்டர் வரவேண்டும்? பூட்ஸ் சத்தம் கேட்டதும் பண்ணையக்காரர் கையை உயர்த்தினார். "மெல்ல வாங்க. சீக்காளி தூங்கறாங்க."

டாக்டர் கட்டிலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கே நோயாளி யார்?" என்று என்னிடம் கேட்டார். பயத்தில், "ரெண்டு பேருமுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நுனிக்காலில் நடந்து வார்டைச் சுற்றினார். எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அங்கேயும் தாழ்ந்த குரலிலேயே கேள்வி கேட்டார். கடைசியில் பண்ணையக்காரரின் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். அது சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது.

"நன்றாகக் கவனிக்கிறார்களா?"

"அதெல்லாம் கொறையே இல்லீங்க. அந்த ஒசரத்துல படுக்கச் சொல்லித்தான் தொந்தரவு பண்றாங்க."

அந்தப் பேச்சில் சிஸ்டர் விழித்துக்கொண்டார். எதிரே டாக்டர். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. பதறி எழுந்தவர் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது: "வாங்க, வாங்க! எப்ப வந்தீங்க? சாப்புட்டீங்களா?" அப்போதுதான் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அங்கீகாரம் கிடைத்தது. கட்டில் கால்களை ஒரு சாண் வெட்டச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். ஆசாரி வந்து வெட்டினார்.

புண் ஆறி ஊருக்குப் போன பண்ணையக்காரர், அடுத்த வருடம் தன் மகளோடு வந்து நின்றார். நர்ஸ் வேலை என்றால் அவர் சொந்தக்காரர்கள் முகம் சுளித்த காலம்.

"அம்மிணிக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமுங்க. இல்லீனா அவங்க தூங்கவே மாட்டாங்க" என்றார்.

அவளைப் பார்த்து அவள் சித்தப்பா மகள் வந்தாள். பிறகு பக்கத்து ஊர்க்காரிகள் வந்தார்கள். கிடங்கில் இடம் போதாமல், வெளியே புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள்.