பேசாதவர் அறைக்கு வைஃபை

எங்கள் லாட்ஜுக்கு மாடி கட்டியபோது என் கணவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் கட்டினார். மலை தெரிகிற பக்கம் பெரிய ஜன்னல், குரங்கு கை நுழையாத கம்பி வலை, வழுக்காத டைல்ஸ். வைஃபையை மட்டும் யோசிக்கவில்லை. கீழே வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கிற ரவுட்டரின் சிக்னல் படிக்கட்டின் திருப்பம் வரை வரும். அதற்கு மேல் ஏறாது. மாடியில் தங்குகிறவர்கள் ஆளுக்கொரு போனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். காபித் தட்டோடு ஏறும் நான் அவர்களுடைய முழங்கால்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி ஏறுவேன்.

"மலையப் பாக்க வந்தவங்க மலையப் பாக்கட்டும். அவங்களுக்கு நெட்டு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, என் கணவர் தன் போனில் சமையல் வீடியோ பார்ப்பார்.

அந்த மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் அறை கேட்டு போன் செய்தார்.

"அம்மிணி, எங்க வீட்டுக்காரரு அங்க வந்து மௌன விரதம் இருக்கோணும்ங்கறாரு. பௌர்ணமி முடியற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு. எழுதியும் காட்ட மாட்டாராமா. எழுதறதும் பேச்சுதானாமா. கையில சாடை காட்டுவாரு, நீங்கதான் பாத்துக்கோணும்."

"அதுக்கென்னங்க, பாத்துக்கலாம்."

"அப்பறம் வைஃபை இருக்குதுங்ளா?"

"பேசாம இருக்கறவருக்கு வைஃபை எதுக்குங்க?"

"அவருதானுங்க பேச மாட்டாரு. நான் பேசோணுமல்லோ?"

நான் இருக்கிறது என்றேன். படிக்கட்டில் இருந்ததால் அது பொய் இல்லை.

அவர் வந்து இறங்கினார். உருண்டையான மனிதர், கழுத்தில் மஃப்ளர், எந்நேரமும் சிரித்த முகம். கையெழுத்துப் போடுவதாவது பரவாயில்லையா என்று நான் தயங்கியபோது, அதற்கு மட்டும் விலக்கு உண்டு என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போட்டார். மாலையில் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்தார். அந்தப் பக்கம் மனைவி. காது சற்று மந்தமான அந்த மனிதர் ஒலியை முழுதாகத் திறந்துவைத்திருந்தார். மருமகள் புளிக்குழம்பில் வெல்லம் போட்டது, எதிர்வீட்டுக்காரர் வாசலில் கார் நிறுத்தியது, பூனை ஊறுகாய் ஜாடியைத் தள்ளிவிட்டது எல்லாம் எங்கள் லாட்ஜ் முழுக்கக் கேட்டது. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நிம்மதியாகப் பேச்சுக் கேட்கிற கணவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீழ் அறைகளில் ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று தங்கியிருந்தது. அவர்கள் ஏறி இறங்கும்போது போனை எட்டிப் பார்த்து அந்த அம்மாளுக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாளும் இவர்களைத் தமிழில் நலம் விசாரித்தார், இவர்கள் தெலுங்கில் பதில் சொன்னார்கள். இப்படியே சில மாலைகள் போனதும் என் கணவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? அவங்க வீட்டு மருமக இன்னா கொழம்பு வெச்சான்னு நம்ம பால்காரனுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு. மாடிக்கு நெட்டு ஏத்திடறேன். அவரு ரூம்லயே கதவச் சாத்திக்கினு கேக்கட்டும். பௌர்ணமிக்கு மலை சுத்தற கூட்டம் வந்தா போன் சிக்னலும் நின்னுபூடும்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளையாக, வட்டமாக, குக்கர் மூடி அளவில் ஒன்று இருந்தது.

"இதும் பேரு ஆக்சஸ் பாயிண்ட்டு. கீழ இருக்கற ரவுட்டர்லேர்ந்து ஒரு ஒயர இழுத்து இதுல சொருகிட்டா, மேல இதுவே வைஃபை குடுக்கும்."

"மாட்டறதுக்கு ஆள் வரலையாங்க?"

"கீழ்பென்னாத்தூர்ல எங்க கெணத்துல மோட்டார எறக்கி ஏத்தினவன் நானு. இதுக்குப் போயி ஆளா?"

அவருக்கு எந்த இயந்திரமும் ஒரு வகை மோட்டார்தான். மிக்ஸி சின்ன மோட்டார், ஃபிரிட்ஜ் குளிர்ந்த மோட்டார். இது தண்ணீருக்குப் பதில் நெட்டை மேலே ஏற்றுகிற மோட்டார். முதலில் கேபிளை வெளிச்சுவர் வழியாக, போர்வெல் குழாயோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுபோனார். மறுநாள் காலையில் அதை ஒரு குரங்கு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது. பிறகு புதிதாக வாங்கி, படிக்கட்டுச் சுவரோரமாக ஆணி அடித்து உள்ளேயே இழுத்தார்.

பெட்டியில் இன்னொரு குட்டிப் பெட்டியும் இருந்தது. அதற்குக் கரண்ட் கொடுத்தால், நெட் வருகிற அதே ஒயர் வழியாகக் கரண்டும் போய் அந்த வெள்ளை மூடிக்குச் சேருமாம். நான் பயந்துபோனேன்.

"ஏங்க, ஒரே ஒயர்ல ரெண்டும் போனா கலந்துடாதா?"

"நம்ம பைபாஸ் ரோட்டுல லாரியும் போவுது, சைக்கிளும் போவுது. கலந்தா பூடுது?"

அந்தக் குட்டிப் பெட்டியை மாடியில் துணிமணி வைக்கிற அறையில் வைத்தார். அங்கே ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதில் ஏற்கெனவே ஏதோ சொருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினார். வெள்ளை மூடியில் விளக்கு எரியவில்லை. பெட்டியில் இரண்டு ஓட்டைகள். ஒயர்களை மாற்றிச் சொருகியிருக்கிறார் என்று கடைக்காரர் போனில் சொன்ன பிறகு, சரியாகச் சொருகினார். நீலமாக விளக்கு எரிந்தது. நானும் கைதட்டினேன், சும்மா சொல்லக்கூடாது.

அடுத்தது செட்டிங். போனில் ஏதோ ஒரு பக்கம் திறந்தது. இதை ரவுட்டராக வைக்கட்டுமா, ஆக்சஸ் பாயிண்டாக வைக்கட்டுமா என்று அது கேட்டது. "ரவுட்டர் செய்யற வேலையத்தான செய்யப் போவுது" என்று முதலில் இருந்ததையே தட்டினார். பெயர் வைத்தார், பாஸ்வேர்டு வைத்தார். கோயம்புத்தூர்க்காரரின் போனில் நானே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தேன். அவர் தோளில் துண்டோடு அறை வாசலில் நின்றிருந்தார். என் கணவர் கீழே ரவுட்டருக்குப் போய்விட்டார். நான் கேபிளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில்.

"சார், வருதா?" என்று கீழிருந்து கத்தினார்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி கத்தினார்.

"சார்! வருதா, வரலையா?"

"ஏங்க, அவரு பேச மாட்டாருங்க!" என்றேன்.

"அட, ஆமாம்ல. சார்! வந்தா ஒரு தட்டு கை தட்டுங்க. வரலன்னா ரெண்டு தட்டு."

மேலிருந்து இரண்டு தட்டு கேட்டது. கணவர் ரவுட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி இரண்டு. ஒயரை உருவிச் சொருகினார். மறுபடி இரண்டு. அதற்குள் கீழ் அறையிலிருந்தும் கைதட்டல் கேட்க ஆரம்பித்தது. மேலே பஜனை தொடங்கிவிட்டது என்று ஆந்திரப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் தாளம் போட, ஜால்ராவும் வெளியே வந்தது.

"எத்தினி தட்டுன்னு ஒண்ணும் புரியலையே!" என்று என் கணவர் கத்தினார். அதையும் அவர்கள் பாட்டின் ஒரு வரியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் போல, இன்னும் வேகமாகத் தட்டினார்கள்.

நான் மேலே போய்ப் பார்த்தேன். போனில் வைஃபைக் கோடுகள் முழுசாக இருந்தன, ஆனால் எதுவும் திறக்கவில்லை. கீழே வந்தால் அங்கேயும் நெட் போய்விட்டிருந்தது. பஜனை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து போனை நீட்டினார்கள். மாடிக்கு ஏற்றப் போய்க் கீழே இருந்ததையும் இழந்திருந்தோம். என் கணவர் மாடி நடையின் கூரையில் மாட்டியிருந்த அந்த வெள்ளை மூடியை அண்ணாந்து பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றார். கழுத்து வலி வந்தும் நின்றார்.

அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரர் வந்து அவர் தோளைத் தொட்டார். துண்டு இன்னும் தோளில் இருந்தது. விரலால் மேலே காட்டினார். பிறகு எதையோ திருகுவதுபோல் மணிக்கட்டைத் திருப்பினார். பிறகு இல்லை என்று கையை ஆட்டினார். கடைசியாக, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, சொம்பைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்தார். உடம்பெல்லாம் நடுங்கிக் காட்டினார்.

என் கணவரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! தெரிஞ்சவரு தெரிஞ்சவருதான். மேல இருக்கறதத் திருகிக் கழட்டுங்கறாரு. இது இப்படி இருந்தா வேலைக்கு ஆவாதுங்கறாரு. எல்லாத்தையும் தலைமுழுகிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிங்கறாரு!"

"அந்த நடுக்கம்?"

"அது லைட்டு மின்னறது."

எனக்கும் அது சரியாகவே பட்டது. கோயம்புத்தூர்க்காரர் வேகமாகத் தலையை இடவலமாக ஆட்டினார். பாராட்டு வேண்டாம் என்று அடக்கமாகச் சொல்கிறார் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். "பெரிய எஞ்சினியரா இருந்திருப்பாரு போலக்கீது" என்று கணவர் என் காதில் சொன்னார்.

ஸ்டூல் போட்டு மூடியைத் திருகிக் கழற்றினோம். பின்பக்கம் நிஜமாகவே ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அதற்குப் பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருந்தது. என் கணவர் அவரை நோக்கிக் கும்பிட்டார். என் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்திப் பிடித்தேன். விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி அந்தப் பக்கம் போனில் திறந்தது. இந்த முறை போன் என் கையில் இருந்தது. ரவுட்டரா, ஆக்சஸ் பாயிண்டா? அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதையே தட்டினேன். நெட் வந்துவிட்டது. மேலேயும் வந்தது, கீழேயும் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் நான்தான் ரவுட்டர் என்று நின்றதுதான் கோளாறு என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

என் கணவர் பெருமிதத்தோடு கோயம்புத்தூர்க்காரரின் போனை வாங்கி, அவர் மனைவிக்குத் தானே வீடியோ கால் போட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு இல்லன்னா இன்னைக்கு எங்களுக்கு நெட்டே கெடையாது! பேசாமலே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டாரு. அவரு எந்தக் கம்பெனில எஞ்சினியரு?"

"இவரா?" என்றார் அந்த அம்மாள். "மில்லுல பஞ்சு எடை போடற வேலைங்க. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தறதே நானுங்க."

கணவர் போனை அவர் பக்கம் திருப்பினார். அவர் மனைவியைப் பார்த்ததும் அவசர அவசரமாக அதே சாடைகளை மறுபடி காட்டினார். மேலே விரல், திருகல், இல்லை, தலையில் சொம்பு, நடுக்கம். அந்த அம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"மேல ஹீட்டர் போட்டும் கொழாயில சுடுதண்ணி வரலீங்களாமா. பச்சத் தண்ணி வாத்துக்கிட்டா நடுங்குதாமா. காலைலருந்து குளிக்காமயே துண்டோட நிக்கறாராமா, பாவம்."

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு துணி அறையை நோக்கி ஓடினோம். அந்தக் குட்டிப் பெட்டிக்கு இடம் கொடுக்க என் கணவர் பிடுங்கிப் போட்டிருந்தது மாடி ஹீட்டரின் பிளக்.

பக்கத்து அறையிலிருந்து இழுத்த ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் குட்டிப் பெட்டியை மாற்றிவிட்டு ஹீட்டருக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் குளித்துவிட்டுத் திருநீறோடு வெளியே வந்தபோது மாலையாகிவிட்டிருந்தது. எங்கள் மேல் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் ஆரம்பித்தது. கதவுக்கு வெளியேயும் நன்றாகவே கேட்டது. ஆந்திரப் பெண்களுக்குத்தான் வருத்தம். படிக்கட்டில் கொஞ்ச நேரம் வழக்கம்போல் காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் சாடையைப் படிக்கிற வேலையை விட்டுவிட்டோம். அவர் எதையாவது காட்டினால் உடனே அந்த அம்மாளைக் கூப்பிடுவோம். அவர் கோயம்புத்தூரிலிருந்து மொழிபெயர்ப்பார். தலையணை உயரம், கொசுவத்தி, சட்னியில் காரம் ஜாஸ்தி, எல்லாம் அங்கே போய் இங்கே வந்தது. இந்த ஏற்பாட்டுக்கு வைஃபை நன்றாக வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை அந்த அம்மாளே பஸ் ஏறி வந்துவிட்டார், கணவரை அழைத்துப் போக. கோயிலுக்குப் போய் விரதத்தை முடித்துவிட்டு இருவரும் கணக்குத் தீர்க்க வந்து நின்றார்கள். அவர் குரலைக் கேட்க நாங்கள் ஆவலாக இருந்தோம். ஆந்திரப் பெண்களில் இருவர்கூட வந்து நின்றார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார், எங்களைப் பார்த்துச் சிரித்தார், வாயைத் திறந்தார்.

"இருங்க, நானே சொல்லிர்றேன்" என்றார் மனைவி. "ரூமு நல்லா இருந்துதாமா. ஜன்னல்ல மலை பாத்தது மனசுக்கு நெறைவா இருந்துதாமா. காப்பியில மட்டும் சக்கரை கொஞ்சம் கம்மியா போடோணுமாமா."

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்து, இரு விரல்களைக் கண்ணுக்கு முன்னால் திறந்து மூடிக் காட்டினார்.

"பாத்ரூம் லைட்டு மினுக்குதாமா" என்றார் அந்த அம்மாள்.

ஆட்டோ வந்தது. எங்கே போகணும் என்று ஓட்டுநர் கேட்டதற்கு அவர் பஸ் ஸ்டாண்டு இருக்கிற திசையில் கையைக் காட்டினார். அந்த அம்மாள் அதைச் சொன்னார். வண்டி திரும்புகிற வரைக்கும் என் கணவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் அவரு கொரலு எப்படி இருக்கும்னே தெரியாம பூட்சே" என்றார்.