நெற்றியில் கட்டிய கேமரா

எனக்கு எதன் மீதும் சுலபத்தில் நம்பிக்கை வராது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கி நின்று பார்ப்பேன். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பேன்; தட்டியபின் அந்தச் சத்தத்தையும் சந்தேகப்படுவேன். என்னைக் கட்டிக்கொள்ள ஒரு பெண் சம்மதித்தபோது இதில் என்னமோ இருக்கிறது என்று சில வருடங்கள் யோசித்துக்கொண்டே குடும்பம் நடத்தினேன். அப்படிப்பட்ட நானே, வேலை பார்க்கிற பெண்களிடம் நெற்றியில் கேமரா கட்டிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன்.

மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. தறியிலிருந்து இறங்குகிற துண்டுகள் எங்களிடம் வரும். பிசிறு வெட்டி, மடித்து, லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். ‘அனுப்புவோம்’ என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. வேலை பார்ப்பது ஆறு பெண்கள். நான் ஓனர். ஃபோன் பேசுவேன், டீ சொல்வேன், ஃபேனைக் கூட்டுவேன், குறைப்பேன். அவர்களில் நாலு பேர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். இத்தனை வருடத்தில் அந்த மொழியில் நான் கற்றது ‘சாப்பிட்டாச்சா’ அளவுக்குத்தான். அவர்கள் அதில் ஏதோ சொல்லிச் சிரித்தால், நான் என் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வேன்.

போன வருடம் ஆர்டர் படுத்துவிட்டது. எங்கள் சந்திலேயே சில தறிகள் நின்றுபோயின. ஆறு பேருக்குப் போதுமான வேலை இல்லை, நாலு பேருக்குத்தான் இருந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் என் சகலை வந்தான்.

சகலை சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்தவன். வாடிக்கையாளர்கள் எழுதுகிற புகார்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவு. ஒரு மென்பொருள் எழுதுகிற பதில்களில் எது சரி, எது தப்பு என்று குறிக்கிற வேலையையும் அவனிடம் சேர்த்துக் கொடுத்தார்கள். பல மாதம் உட்கார்ந்து ஒழுங்காகக் குறித்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, இனி மென்பொருளே பதில் எழுதும், உங்கள் சேவைக்கு நன்றி என்று சொல்லிவிட்டார்கள். மதுரைக்கு வந்து காளவாசலில் ஒரு செல்ஃபோன் கடை மாடியில் ஆபீஸ் போட்டான். தொழில் என்னவென்று கேட்டால் ‘டேட்டா’ என்பான். உளுந்து, துவரை மாதிரி மூட்டையில் வருகிற சமாச்சாரம் என்று என் மனைவி நினைத்திருந்தாள்.

அவன் சொன்ன விஷயம் இதுதான். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்ய மனித உருவத்தில் இயந்திரம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குச் செஸ் தெரியும், கணக்குத் தெரியும், துணி மடிக்க மட்டும் வரவில்லை. துணி எடுத்த பக்கமெல்லாம் சரிகிற சாமான், அதனால் கற்றுக்கொள்ள முடியாமல் திணறுகிறது. மடிக்கத் தெரிந்தவர்கள் நெற்றியில் சின்னக் கேமராவைக் கட்டிக்கொண்டு மடித்தால், அவர்கள் கண் பார்க்கிற மாதிரியே கை வேலை பதிவாகும். அதைப் பார்த்து இயந்திரம் படிக்கும். மடிப்புக் கூலி எப்போதும்போல, பதிவுக்குத் தனியாகக் காசு.

யார் அந்தக் கம்பெனி என்று கேட்டேன். பெங்களூரில் ஒருவரிடம் இவன் எடுத்திருக்கிறான். அவர் ஹைதராபாத்தில் ஒருவரிடம் எடுத்திருக்கிறார். அவருக்கு மேலே சிங்கப்பூரில் ஒரு ஆபீஸ்.

“அதுக்கு மேல யாரு மாப்ள?”

“அதுக்கு மேல கேக்கக் கூடாதுண்ணே. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

தர்பூசணியாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்தப் பதிவுக் காசு வந்தால் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. அந்தக் கணக்கு மனதில் ஓடியதும் என் சந்தேகமெல்லாம் சமர்த்தாக ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

பெண்களிடம் சொன்னேன். அவர்களுக்குச் சிங்கப்பூர் மீது சந்தேகமே வரவில்லை. என் மீது வந்தது. வேலை நேரத்தில் யார் எம்புட்டு நேரம் பேசுகிறார்கள், வெட்டுத்துணியை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வேவு பார்க்க நான் செய்கிற ஏற்பாடு என்று நினைத்தார்கள். அவர்களில் மூத்தவரை நான் அக்கா என்பேன். என்னை விட வயதில் இளையவராக இருக்கலாம், விசாரிக்கத் துணிந்ததில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் கேமரா கம்பெனிக்கா, உங்களுக்கா என்று கேட்டார். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். இரண்டு பிள்ளைகள் மேலும் தனித்தனியாகச் செய்ததால் பாதி நம்பினார்.

கேமராக்கள் வந்தன. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் மாதிரி நெற்றிப் பட்டையோடு ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து ஷெட்டில் தமிழ் நின்றுபோனது. கேமராவுக்குக் காதும் உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லாப் பேச்சும் சௌராஷ்டிரத்துக்கு மாறியது. அது தெரியாத இரண்டு பேரும் அந்த மாதத்திலேயே நன்றாகப் பேசப் பழகிவிட்டார்கள். ஷெட்டில் எதுவும் புரியாத ஒரே ஆளாக நான் மட்டும் மிஞ்சினேன்.

கொஞ்ச நாளில் சகலை ஃபோன் செய்து காளவாசலுக்கு வரச் சொன்னான். முகம் வாடியிருந்தது. எங்கள் ஷெட்டின் பதிவுகளில் பெரும்பகுதியை மேலே இருக்கிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வேலை செய்கிறவர்கள் வேண்டுமென்றே கேமராவை மறைக்கிறார்கள், எதையோ ஒளிக்கிறார்கள் என்று காரணம் எழுதியிருந்தது. அவனுடைய கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். இரண்டு கைகள் புதுத் துண்டுக் கட்டைப் பிரிக்கின்றன. மேலே இருக்கிற துண்டை எடுக்கின்றன. துண்டு நேராக நம்மை நோக்கி வருகிறது. இருட்டு. பிறகு வெளிச்சம் வந்து மடிப்பு தொடங்குகிறது. அடுத்த கட்டிலும் அதே இருட்டு. ஆறு பேருக்கும் இருட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுக் கட்டு பிரித்தால் முதல் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். செல்லூரில் துணி வேலை பார்க்கிற யாரும் செய்கிற காரியம். ஏன் செய்கிறோம் என்றுகூட யோசிக்க மாட்டார்கள், கை தானாகப் போகும். சகலைக்கும் தெரியும், அவனும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்கிற ஆள்தான்.

“சாமி கும்புடுறாங்கன்னு எழுதிப் போடு மாப்ள.”

“யாருக்குண்ணே எழுத? மொதல்ல செக் பண்றதே மெஷின்தான். அதுக்கு மறைச்சா திருட்டு, அம்புட்டுதான் தெரியும். கொஞ்ச நாளைக்கு ஒத்திக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே. எனக்கும் டார்கெட் இருக்கு.”

ஷெட்டுக்குத் திரும்பி வந்து இதைச் சொல்லும்போது வழக்கம்போல ஒரு வேடிக்கையில் சுற்றிக் கொடுக்கப் பார்த்தேன். சிங்கப்பூர்க்காரன் நீங்கள் துண்டுக்குள் தங்கம் கடத்துகிறீர்கள் என்று நினைக்கிறான் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் படத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். மெஷின் என்றேன். பார்த்து என்ன செய்யும்? மடிக்கக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டு? அமெரிக்காவில் வீட்டில் மடிக்கும் என்றேன். இங்கே மடிக்க வராதா என்று கேட்டார். வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சகலையின் சென்னை மீட்டிங் ஞாபகம் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வராது என்று சொன்னேன். அந்த ‘சீக்கிரம்’ எல்லோர் காதிலும் விழுந்தது.

சௌராஷ்டிரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. என்ன பேசினார்களோ, முடிவை மட்டும் தமிழில் அறிவித்தார்கள். ஒரு நாள் முழுக்க நானும் கேமரா கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டிக்கொண்டேன். பட்டை தலைவலியைக் கொடுத்தது. இத்தனை நாள் அவர்கள் அதைச் சொல்லவே இல்லை. நாள் முழுக்கப் பரபரப்பாக இருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. சாயங்காலம் பதிவைச் சகலைக்கு அனுப்பினேன். மறுநாள் அவன் ஃபோனில் பேச முடியாமல் சிரித்தான். என் பதிவும் திரும்பிவிட்டது. எழுதியிருந்த காரணம்: ‘இதில் வேலை எதுவும் காணப்படவில்லை.’

என்னைப் பற்றிய நல்ல ஜோக்கை வீணாக்குகிற பழக்கம் எனக்கில்லை. நேராக ஷெட்டுக்குப் போய் நடித்தே காட்டினேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அந்த ஷெட் சிரித்தது. ஒருத்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அக்காவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“அப்ப ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. ஒங்கள்ட்ட எடுத்துட்டுப் போறதுக்கு என்ன இருக்கு? எங்க கையிலதான இருக்கு. நாங்கதான் போவோம், நீங்க இருப்பீக.”

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வது மாதிரிச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டிருந்த முகத்தை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மதியமே கேமராக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு காளவாசலுக்குப் போனேன். சகலை பெரிதாக மறுக்கவில்லை. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னான். இதுவரை அனுப்பினதைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. சிங்கப்பூருக்குப் போனது போனதுதான். எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கே தெரியாது. சமயநல்லூரில் எடுத்து முடித்ததும் உனக்கு என்ன வேலை இருக்கும் மாப்ள என்று கேட்டேன். டீ சொல்லவா என்று கேட்டான்.

ஷெட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். போனது வராது. பதிவுக் காசும் இனி வராது. ஆறு பேரை வைத்துக்கொள்ள ஆர்டர் போதாது. இதைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு பேர் யார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அக்காதான் பேசினார்.

“சாயங்காலம் கட்டுப் போட வெளிய ஆளு கூப்புடுறீகல்ல. அத நீங்களே போடுங்க. அந்தக் கூலி மிஞ்சும். எல்லாரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை நாள் வாரோம். யாரையும் நிறுத்த வேணாம்.”

மடித்த துண்டுகளைப் பலகை வைத்து அமுக்கிக் கயிறு போட்டு இறுக்குகிற வேலை அது. அதற்கு ஒருவர் தினமும் சைக்கிளில் வருவார். எங்கள் சந்தில் பல ஷெட்டுகளுக்கு அவர்தான் கட்டுப் போடுவார். அக்காவின் கணக்கு சரியாக இருந்தது. ஆறு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றேன்.

மறுநாள் நானே உட்கார்ந்தேன். பலகையில் முழங்காலை வைத்து அழுத்தி, கயிற்றைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டேன். வேலை எதுவும் இல்லை என்று மெஷின் சொன்ன கைகளுக்கு இது எப்படி வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் அந்தச் சைக்கிள்காரர் கையைத்தான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

வழக்கமான நேரத்துக்கு அவர் வந்து சைக்கிளைச் சாய்த்தார். இனி வர வேண்டாம் என்று சொல்ல நான் தயார் செய்து வைத்திருந்த வேடிக்கை வாயில் வரவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். குனிந்து ஒரு கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். முடிச்சைத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இறுகியிருக்கு. யாருகிட்டண்ணே கத்துக்கிட்டீக?”

ஷெட்டுக்குள் ஆறு பேரும் தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேலியாகக் கேட்டாரா, தெரியாமல்தான் கேட்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.