பூஜையில் மாட்டிக்கொண்ட பேனாக்கள்

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், "இந்த வாரப் பத்தி எங்கே?" என்று கேட்கும் எடிட்டருக்கு என்னால் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியும். சரஸ்வதி பூஜை அன்று. "பேனா, லேப்டாப் எல்லாம் பூஜையில இருக்கு சார். நாளைக்குக் காலையில புனர்பூஜை முடிஞ்சாதான் தொடுவேன்." அவரும் மறுபேச்சுப் பேச மாட்டார். அவர் வீட்டிலும் அதே கதைதானே!

இந்த வருஷம் அந்த நிம்மதியைக் கெடுத்தவள் என் தங்கை வசந்தி.

வசந்தி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் கொல்லையில் ஒரு சின்ன லேத் போட்டு, குழந்தைகளுக்காக மரப் பேனா செய்கிறாள். மரத்துண்டைக் கடைந்து, குட்டி விரல்கள் பிடிக்க வாகாக நடுவில் கொஞ்சம் குண்டாக்கி, கலர் அடிப்பாள். கலர் என்றால் சும்மா கலர் இல்லை... கிளிப்பச்சை, கனகாம்பரம், மயில் கழுத்து நீலம் — மூன்றும் ஒரே பேனாவில்! சமயபுரம் திருவிழாக் கடையில்கூட அவ்வளவு கலரைப் பார்க்க முடியாது.

பார்ப்பவர்கள் எல்லாரும் "அழகா இருக்கே" என்பார்கள். கூடவே, "இதுக்காகவா வேலையை விட்டே?" என்பார்கள். முதலில் சொன்னது அவள் காதில் விழாது. இரண்டாவது நன்றாகவே விழும். அதுவரை சொந்தக்காரர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குக் கொடுத்ததோடு சரி. வெளியாள் யாரும் கேட்டு வாங்கியதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து நர்சரி ஸ்கூலிலிருந்து ஆர்டர் வந்தது. விஜயதசமி அன்று புதிதாகச் சேரும் குழந்தைகள் நெல்லில் 'அ' எழுதி முடித்ததும், கையில் ஆளுக்கொரு பேனா கொடுக்க வேண்டுமாம். உடனே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இது மட்டும் நல்லபடியா முடிஞ்சாப் போதும். இல்லேன்னா பேசாம திரும்ப வேலைக்கே போயிடறேன்."

சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் சுண்டல் சாப்பிட — சரி, தங்கைக்கு ஒத்தாசை செய்ய — கே.கே. நகரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன். பூஜை முடிந்திருந்தது. அம்பாள் படத்துக்கு முன்னால் அத்தனை பேனாக்களும் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தன. கொல்லையில் லேத்துக்குச் சந்தனம், குங்குமம், ஒரு மாலை. பார்க்கக் கண் கொள்ளவில்லை.

அப்போதுதான் அவள் வீட்டுக்காரர் சேகர், ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். "பாருங்க அண்ணி, இது ஒண்ணு மட்டும் பூஜைக்கு வராம டிமிக்கி கொடுத்திருக்கு."

சொல்லிக்கொண்டே மூடியை இழுத்தார். வரவில்லை. துணியைச் சுற்றி இழுத்தார். ம்ஹூம். பல்லால் கடித்தார். கடைசியில், பூஜையில் வைக்க மறந்துபோன கட்டிங் பிளேயர். 'டக்' என்று மூடி பாதியாக உடைந்து அவர் கையோடு வந்தது. மீதிப் பாதி பேனாவோடேயே இருந்தது.

வசந்தி முகத்தில் ஈயாடவில்லை.

"வார்னிஷ்..." என்றாள். ரெண்டு நாளாக மழை. கடைசியாகப் பூசிய வார்னிஷ் காய்ந்துவிட்டதாக நினைத்து, மூடியைப் போட்டு டப்பாவில் அடைத்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் அக்கா."

"சரி, டப்பாவிலேருந்து ஒண்ணை எடுத்துத் திறந்து பார்த்துடலாமே?" என்றேன்.

நான் ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள். "பூஜையில வெச்சதையா? நாளைக்குக் காலை வரைக்கும் கை வைக்கக் கூடாது."

"ஆபத்துக்குப் பாவமில்லைடி."

"ஸ்கூல் படிக்கறப்ப நீ இன்னிக்குப் புத்தகத்தைத் தொட்டிருக்கியா?"

"அது படிக்காம இருக்கக் கிடைச்ச சாக்குடி!"

ஒன்றும் எடுபடவில்லை. யோசித்துப் பாருங்கள்... பேனா கைக்கெட்டும் தூரத்தில். ரிப்பேர் செய்யத் தேவையான சாமான்களும் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டுக்கும் நாமே பொட்டு வைத்து, மாலை போட்டு உட்கார வைத்துவிட்டு, எதிரே நின்று கையைப் பிசைகிறோம். இவ்வளவு வசமாக மாட்டிக்கொள்ள நம்மை விட்டால் வேறு யாரால் முடியும்?

நான் அங்கேயே தங்கிவிட்டேன். விடிந்ததும் புனர்பூஜை. கற்பூரம் அணைவதற்குள் டப்பாவைப் பிரித்தாள். முதல் பேனா — வரவில்லை. அடுத்தது — வரவில்லை. எங்கோ ஒன்று 'ப்ளக்' என்று திறந்தது. அதற்கே எங்கள் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹேர் டிரையரைக் காட்டிப் பார்த்தோம், கலர் கொப்புளித்தது. அதற்குள் ஸ்கூலுக்குப் போக நேரமாகிவிட்டது.

"போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்று டப்பாக்களைத் தூக்கிக்கொண்டாள். ஸ்கூட்டியில் பின்னால் நான்.

ஸ்கூலில் ஒரே அழுகை. அப்பா மடியில் உட்கார்ந்து, நெல்லில் விரலை வைத்தபடியே அழுகிற குழந்தைகள். வசந்தி வாயைத் திறப்பதற்குள், டப்பாவை வாங்கிய ஸ்கூல் மேடம் பேனாக்களைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கலரைப் பார்த்ததும் அழுகை 'டப்'பென்று நின்றது. ஒரு வாண்டு மூடியை இழுத்தான். முக்கினான். கடித்தான். அவன் அம்மாவும் இழுத்துப் பார்த்தார்.

வசந்தி முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சிடுங்க மேடம்... மூடி எல்லாம் ஒட்டிக்கிச்சு. ஒரு வாரத்துல அத்தனையும் மாத்திக் கொடுத்துடறேன்."

மேடம் பேசுவதற்குள் அந்த வாண்டின் அம்மா குறுக்கே வந்தார். "திறக்காதா? நிஜமாவா? ஐயோ, மாத்திடாதீங்க! போன வாரம்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கோம்."

"எங்க வீட்டு சோபாவைப் பார்க்கணும் நீங்க..." என்றார் இன்னொருவர்.

மேடம் சிரித்துவிட்டார். "அடுத்த வருஷமும் இதே மாதிரியே செஞ்சு கொடுத்துடுங்க!"

அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து காபியும் குடித்தாயிற்று. வசந்தி மட்டும் உம்மென்றே இருந்தாள். "அதான் ஜெயிச்சுட்டியேடி" என்றேன்.

"என்னத்தை ஜெயிச்சேன்? எழுதாததுக்குப் பேரு பேனாவா அக்கா?"

நியாயம்தான். குழந்தைகளுக்குச் செய்கிற சாமானில் இது ஒரு சங்கடம். ஆசைப்படுவது குழந்தை, மார்க் போடுவது பெரியவர்கள். சத்தம் வராத பீப்பி, வேகமாக ஓடாத சைக்கிள், எழுதாத பேனா... நாம் மெச்சுவதெல்லாம் இவற்றைத்தானே?

சாயங்காலம் வசந்திக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பேனா மேடமா? எந்தப் பேனாவும் திறக்காதுன்னாங்க. எங்க பாப்பாவுது மட்டும் திறந்துடுச்சு! ஹால் சுவர் பூரா கிறுக்கி வெச்சிருக்கா!"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தரையில் சுருண்டு படுத்திருந்த வசந்தி துள்ளி எழுந்தாள்.

"எழுதுதாங்க? விட்டு விட்டு வரலையே?"

அந்தப் பக்கம் போனோடு நடந்து போகும் சத்தம் கேட்டது. சுவரைத் திரும்பிப் பார்த்திருப்பார் போல.

"எழுதுதுங்க... ஒரு இடத்துலகூட விட்டுப் போகலை."

"அப்பாடா!" என்று வசந்தி போட்ட சத்தத்தில், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோனது.