வலது குதிகால் சிவந்த விஷயம்

டிரைவர் ஐயாவின் வலது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்கவில்லை. காலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தோல் தேய்ந்த சிவப்பு.

பகலில் ஐயாவைக் கவனிக்க வரும் அவள், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். அந்த வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்ஸ்பெக்டர் அக்கா என்று பெயர். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அசையாத கால் தானாகத் தேயாது. ஆளை மேலே நகர்த்த இரண்டு பேர் சேர்ந்து விரிப்போடு தூக்க வேண்டும். தனி ஆளாக அக்குளில் கைகொடுத்து இழுத்தால் குதிகால் இப்படித்தான் ஆகும். இன்று சிவப்பு, அப்புறம் புண், அப்புறம் எலும்பு தெரியும்.

மாலை வேலைக்கு வருபவன் கப்பல். சரக்குக் கப்பலில் சமையல் செய்தவன், அதனால் அந்தப் பெயர். சிரிப்பு அதிகம். சிரிப்பு அதிகமான ஆளை அவள் நம்புவதில்லை.

"ஐயாவைப் பிடிச்சு இழுக்கிறியா?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்ப கால் என்ன, தானா கடைக்குப் போயிட்டு வந்துச்சா?"

அவன் தலையைச் சொறிந்தான். "சொன்னா திட்டுவீங்க."

"சொல்லாட்டியும் திட்டுவேன்."

"பாட்டு போடுறேன்க்கா. அவ்வளவுதான்."

குதிகாலைக் கேட்டால் பாட்டைச் சொல்கிறான். மழுப்புகிறான் என்று முடிவு கட்டினாள். ஐயாவின் மகளிடம் சொல்ல, மகள் உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டாள். மறுநாளிலிருந்து வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கப்பலுக்கு அன்று மாலையோடு இந்த வீட்டு வேலை போச்சு.

ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காதது அவளை உறுத்தியது. பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதுபோல் கிளம்பி, மகளிடம் சைகை காட்டிவிட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கப்பல் போனைத் தலைமாட்டில் வைத்தான். அதில் ஆண்கள் சேர்ந்து மெதுவாகக் கொஞ்சிப் பாடினார்கள். மொழி புரியவில்லை. தாலாட்டுப் போட்டுத் தூங்கவைத்துவிட்டு இழுக்கப் போகிறான் என்று அவள் நினைக்கும்போதே, பாடியவர்கள் ஒதுங்க, கிட்டார்கள் பாய்ந்து வந்தன. ஒன்று ஓட, ஒன்று துரத்த, டிரம்ஸ் பின்னாலிருந்து விரட்டியது. நடுவே ஒருவன் கூவிக் கூவி உசுப்பேற்றினான்.

கப்பல் ஐயாவைத் தொடவே இல்லை. போர்வையின் கால்மாடுதான் துள்ளியது.

விறுவிறுவென்று போய்ப் போர்வையை உருவினாள். வலது குதிகால் விரிப்பில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா கண்றாவி இது?"

"காங்கோ பாட்டுக்கா. சூக்கூஸ். கப்பல்ல என் ரூம்ல இருந்தவன் அந்த ஊர்க்காரன், அவன் குடுத்தது. கிட்டார் வர்ற இந்த இடத்துக்கு செபென்னு பேரு. எல்லாரும் எழுந்து ஆடுவாங்க."

"இவர் எழுந்தா ஆடுறார்?"

"படுத்துக்கிட்டே ஆடுறார். ஆக்ஸிலேட்டர் கால் இல்லையா!"

அவள் சிரிக்கவில்லை. இது வெறும் நரம்புத் துடிப்பாக இருக்கலாம். பாட்டை முதலிலிருந்து போடச் சொல்லி, கெண்டைக்காலில் கை வைத்தாள். மெதுவான பகுதியில் சதை சோர்ந்து கிடந்தது. கிட்டார் வந்ததும் கைக்கடியில் இறுகியது. சட்டென்று பாட்டை நிறுத்தினாள். கால் நின்றது. ஐயா அவளை முறைத்தார், ஓடுகிற பஸ்ஸின் குறுக்கே வந்தவளை முறைப்பதுபோல.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"டாக்டர் சொல்லாததைச் செய்யாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. பாட்டை நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன்."

"பயந்து பயந்து தோலை உரிச்சு வெச்சிருக்க. அடியில வழவழப்பா ஒரு துணி போடத் தெரியாதா?"

அவன் அன்று கிளம்பியபோதும் ஏஜென்சிக்குச் சொன்னது அப்படியே இருந்தது. ஒரு மாலை பார்த்ததை வைத்து முடிவை மாற்றுகிறவள் இல்லை அவள்.

மறுநாள் காலையில் ஐயாவின் முகத்தைத் துடைத்ததும், அவன் இல்லாமலே மகளின் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போடவைத்தாள். கிட்டார் வரும்வரை கால்மாட்டில் காவல் நின்றாள். கால் அசைந்தது. ஏஜென்சிக்குத் தானே போன் செய்து, "ஆள் மாத்த வேண்டாம், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு குதிகாலில் மருந்து தடவி, பருத்தி சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு, பிசியோதெரபிஸ்ட்டைச் சீக்கிரம் வரச் சொன்னாள்.