முட்டி எடுத்த அளவீடுகள்

அவனுக்கு முட்டி என்று பெயர் வாங்கிக்கொடுத்தது அவன் கைதான். வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும். லாரி ஓட்டும் அப்பா பெல்ட்டால் விளாசிய விளாசலில் பையன் ஒன்றை மட்டும் உருப்படியாகக் கற்றுக்கொண்டான்: முந்திக்கொண்டால் அடி குறைவு. அப்படிப்பட்டவனுக்கு இயற்பியல் எப்படிப் பிடித்துப்போனதோ, கடவுளுக்கே வெளிச்சம்! கல்லூரிக்கு வந்த வருடமே கேன்டீனில் ஒருவன் மண்டையை உடைத்தான். “இன்னொரு தடவை கை நீட்டினா காலேஜை விட்டே துரத்திடுவேன்” என்றார் முதல்வர். துணி தைத்துப் படிக்கவைக்கும் அம்மா அவர் காலில் விழாத குறை. அன்றிலிருந்து முட்டி பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தான்.

கடைசி வருடச் சோதனையில் கூட்டாளியாக வாய்த்தவன் நெட்டை. கதிர்வீச்சை எண்ணும் கருவி நிமிடத்துக்கு எத்தனை காட்டுகிறது என்று எழுத வேண்டும். முதல் பாதி முட்டியுடையது: 103, 88, 117, 94. குடிகாரன் நடை மாதிரி தள்ளாடின எண்கள். மறுபாதி நெட்டையுடையது: 100, 101, 99, 100. பார்க்கவே லட்சணம்.

“இதுல பாதி ஜோடிச்சது” என்று ஆய்வக மேடம் வகுப்பில் தாளைத் தூக்கிக் காட்டினார். “எழுதினது யாரோ, அவங்க ஃபெயில். எந்தப் பாதி யாரோடதுன்னு பதிவேட்டுல பாத்துட்டு வரேன்.”

அவர் தன் அறைக்குப் போனதுதான் தாமதம், நெட்டை எழுந்தான். “எங்கேயாவது எண்ணு இப்படிக் குதிக்குமா? இவனுக்கு அடிக்கத்தான் தெரியும், அளக்கவா தெரியும்?” வகுப்பே கொல்லென்று சிரித்தது.

கண்ணை எடுக்காமல் பார்த்து எழுதியவன் முட்டி. ஆனாலும் அந்தக் குதிப்பைப் பார்த்து அவனுக்கே சந்தேகம். அதுதான் கொடுமை!

முதல் குத்தில் நெட்டையின் உதடு கிழிந்தது. அடுத்ததில் பல் தெறித்து மேசையில் விழுந்தது. சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். விலக்க வந்தவன் விலாவில் முழங்கை இறங்கியது. “நான் பொய் எழுதலைடா!” என்று குத்துக்குக் குத்து கத்தினான்.

“ஐயோ, விடுடா பாவி!” மேடம் தாளோடு ஓடிவந்தார். “கதிர்வீச்சு சீரா வராதுடா, சராசரி நூறுன்னா அதோட வர்க்கமூலம் அளவுக்கு ஆடும். நூறுக்கு வர்க்கமூலம் பத்து. பத்து முன்னப்பின்ன ஆடத்தான்டா செய்யும்! ஆடாம நிக்குது பாரு, இவனோடது, அதுதான் பொய். உன்னோடது அத்தனையும் நிஜம்னு சொல்லத்தானே வந்தேன்!”

முட்டியின் பிடி தளர்ந்தது. நெட்டை சரிந்து விழுந்து ரத்தம் துப்பினான்.

“அப்போ... நான் பாஸா, மேடம்?”

சத்தம் கேட்டு முதல்வர் வாசலில் வந்து நின்றார். மேடம் அவரையும் பார்த்தார், இவனையும் பார்த்தார்.

“பாஸ்தான்ப்பா” என்றார். “பிரின்சிபல் வந்துட்டார். பையை எடுத்துக்கோ.”