வாலில் போட்ட கயிறு

அன்று இரவுக் கடமை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது காலை ஏழரை. கண் எரிச்சல், கால் வலி, பசி. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடம் தாதியாக இருந்தவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பிழை இல்லை. ஸ்கூட்டியைக் கடற்கரைப் பாதையால் விட்டேன். அண்ணன் கரைவலை இழுக்கும் இடத்துக்கு வந்ததும் வழியை மறித்துக்கொண்டு சனம் நின்றது.

யாரோ கடலில் மூழ்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டியைப் போட்டுவிட்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் ஓர் ஓங்கில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டொல்பின் என்றால்தான் இப்போது எல்லாருக்கும் விளங்கும். எங்கள் கரையில் அதற்கு ஓங்கில் என்றுதான் பெயர். ஓர் ஆள் நீளம் இருக்கும். வயிற்றுப் பக்கம் மணலில் உரசிச் சிவந்திருந்தது. ஒரு கண் தண்ணீருக்கு வெளியே இருந்தது, அது திறந்திருந்தது.

அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதற்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு அம்மா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குழந்தைக்குத் தலைமுழுக வார்ப்பதுபோல், அதன் உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓங்கில் மூச்சு விடுவதே உச்சந்தலையில் இருக்கிற துளையால்தான். இன்னொருவர் அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டிருந்தார். இரண்டு பேர் அதைக் கடல் பக்கம் தள்ளுவதும், அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போடுவதும், அவர்கள் மறுபடி தள்ளுவதுமாக இருந்தார்கள். ஏழெட்டுத் தரம் தள்ளியாகிவிட்டது என்று அதில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். படம் எடுக்கத் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளுக்கு எண்ணிக்கையே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். வார்டில் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரரை விரட்டுகிற குரல் எனக்கு உண்டு. அது கடற்கரையிலும் வேலை செய்தது. போத்தல் அம்மா கோபித்துக்கொண்டு ஒதுங்கினார். தள்ளிக்கொண்டிருந்த இருவரையும் நிற்கச் சொல்லி, அதை நிமிர்த்திப் பிடிக்க மட்டும் சொன்னேன். பிறகு கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து அதன் மூச்சை எண்ணினேன். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஒரு நிமிடத்துக்குள் எட்டுத் தரம் அந்தத் துளை திறந்து மூடியது. ஒவ்வொரு முறையும் அடைத்த மூக்கைச் சிந்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

வனவிலங்கு அலுவலகத்தின் இலக்கம் என் தொலைபேசியில் இருந்தது. ஏன் இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எடுத்தவர் பதறவில்லை. மூச்சைக் கேட்டார், சொன்னேன். வேகம் அதிகம், களைத்துப்போயிருக்கிறது என்றார். தள்ள விடாதீர்கள், தண்ணீரில் நிமிர்ந்தபடி பிடித்துக்கொள்ளுங்கள், வெயில் படாமல் மறையுங்கள், முதுகில் ஈரத்துணி போடுங்கள், துளையை மட்டும் மூடாதீர்கள், சனத்தைத் தூரப் போகச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தாங்கள் வந்துசேர ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும் என்றார். கடைசியாக, கயிறு போட மட்டும் யாரையும் விடவேண்டாம் என்றார்.

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போதே கூட்டத்தில் நின்ற ஒருவர் நல்ல சேதி சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். என் அண்ணனுக்கு அறிவித்துவிட்டார்களாம். ஐஸ் எடுக்கக் கிண்ணியாவுக்குப் போயிருக்கிறாராம். அரை மணித்தியாலத்தில் பாலத்தால் வந்துவிடுவாராம், வரும்போது ஆட்களையும் கயிற்றையும் கொண்டுவருவாராம். அவர் வந்தால் போதும், போன தரம் போல இதையும் காப்பாற்றிவிடுவார் என்றார்.



போன தரம் என்பது அதற்கு முந்தின வருடம் கச்சான் காற்று வீசிய காலம். இதே கரையில் ஓர் ஓங்கில் ஏறிவிட்டது. அண்ணனின் ஆட்கள் அப்போது வலை இழுத்து முடித்திருந்தார்கள். கரைவலைக்காரனுக்கு எதைக் கண்டாலும் கயிறு போட்டு இழுக்கத்தான் தோன்றும். வலையையும் அப்படித்தான் கரைக்குக் கொண்டுவருகிறார்கள், வள்ளத்தையும் அப்படித்தான் கடலில் இறக்குகிறார்கள். வாலில் சுருக்குப் போட்டு, கயிற்றின் மறுமுனையை எஞ்சின் வள்ளத்தில் கட்டி, ஆழத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் அவிழ்த்துவிட்டுத் திரும்பினார்கள். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

அண்ணியார் செத்து இரண்டு வருடமாக அண்ணன் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை, ஆட்களோடு கதைத்ததில்லை. அந்த வீடியோவுக்குப் பிறகு மனுசன் சிரித்தார். தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவருக்கு ஒரே தங்கச்சி. அவர் சிரித்ததைப் பார்த்து குசினிக்குள் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் அடுத்த குடாவில் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கரையில் அது செத்துக் கிடந்தது. வால் மூட்டைச் சுற்றித் தோல் கிழிந்து, கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்க்க வந்திருந்த வனவிலங்கு அலுவலர் ஒருவர் அது மூச்சு முட்டித்தான் செத்திருக்கும் என்றார். வாலில் கட்டிப் பின்பக்கமாக இழுத்தால் தலை தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். அது மேலே வந்து மூச்சு எடுக்க முடியாது. இழுத்தது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். இலக்கத்தைத் தந்தார், வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் வேறு வேலை இருப்பதுபோல் எழும்பிப் போய்விடுவேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இப்போது அவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கு அழைப்பு எடுத்துச் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் இருந்தது. கைப்பேசி கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அலுவலகக்காரர் முன்னதாக வந்துவிட்டால் நான் சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்தேன். என் சால்வையை நனைத்து அதன் முதுகில் போட்டேன். துளையைச் சுற்றி விரலால் இடம் விட்டுப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்பது. பிறகும் ஒன்பது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அலுவலகக்காரர் வரவில்லை, அண்ணன் வந்தார். பின்னால் எட்டுப் பேர். தோளில் கயிறு, முகம் நிறையச் சிரிப்பு. சனம் விலகி வழி விட்டது. ஒருவர் ஏற்கெனவே வள்ளத்தைக் கிட்டக் கொண்டுவந்து எஞ்சினை ஓட விட்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு ஓங்கில் உடம்பை உதறியது, அதன் செட்டை என் முழங்காலில் அடித்தது.

கயிறு வேண்டாம், அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நான் சொன்னேன். அண்ணன் சிரித்தார். அவர்கள் வரும்போது இது நாறிப்போய்விடும் என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். உனக்குத் தூக்கம் காணாது, போய்ப் படு என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து வாலைத் தூக்கிச் சுருக்கை மாட்டினார். கை பழகிய வேலை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வள்ளக்காரர் மறுமுனையைக் கேட்டுக் கையை நீட்டினார்.

நான் கயிற்றை எட்டிப் பிடித்தேன். அண்ணன் இழுத்தார், நான் விடவில்லை. உள்ளங்கை எரிந்தது. அத்தனை சனத்துக்கு முன்னால் தங்கச்சி தன்னோடு மல்லுக்கட்டுவது அவருக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும், முகம் கறுத்தது. இனி அவரை நோகாமல் சொல்ல ஒரு வழியும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணா, போன முறை விட்டது செத்துப்போச்சு. மூண்டாம் நாள் அங்காலைக் கரையிலை கிடந்தது, நான் கண்ணாலை கண்டனான். வாலிலை உங்கட கயிறு வெட்டின காயம் இருந்தது. பின்னாலை இழுத்தால் இதுக்கு மூச்செடுக்க ஏலாது."

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். அவர் என்னை அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். சின்ன வயதிலும் அடித்ததில்லை, ஆனாலும் அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஓங்கில் மூச்சு விட்டது. நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

அண்ணன் குனிந்து சுருக்கை அவிழ்த்தார். போடும்போது இருந்த வேகம் அவிழ்க்கும்போது இல்லை. வள்ளக்காரரைப் பார்த்து எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார். பிறகு என்னைப் பாராமல் கேட்டார்.

"இப்ப என்ன செய்ய வேணும்?"

சொன்னேன். அண்ணன் எதற்கும் விளக்கம் கேட்கவில்லை. சேர்ந்து வேலை செய்வதில் கரைவலைக்காரரை அடிக்க ஆள் இல்லை. நான்கு பேர் இரண்டு பக்கமும் நின்று அதை நிமிர்த்திப் பிடித்தார்கள். இரண்டு பேர் துடுப்புத் தண்டுகளில் தறப்பாளைக் கட்டி நிழல் பிடித்தார்கள். கொண்டுவந்த கயிற்றைத் தடிகளில் கட்டி அதற்கு அப்பால் சனத்தை நிற்பாட்டினார்கள். அண்ணன் தலைப்பக்கம் நின்றார். அலை வரும்போதெல்லாம் துளைக்குள் தண்ணீர் போகாமல் கையை அணையாக வைத்துக்கொண்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இடம் மாறாமல் அப்படியே நின்றார். மூச்சு ஏழாக இறங்கியது, பிறகு ஐந்தானது. அதைச் சத்தமாகச் சொன்னேன், அவர் திரும்பவில்லை.

அலுவலகக்காரர் மிருக வைத்தியரோடு வந்தார்கள். தடித்த விரிப்பொன்றை அடியால் செலுத்தி, எல்லாருமாகப் பிடித்து, நெஞ்சளவு தண்ணீருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடனே விடவில்லை. அது தன்பாட்டில் நிமிர்ந்து நிற்கும்வரை பிடித்திருந்தார்கள். பிறகு விரிப்பைத் தாழ்த்த, அது ஒருமுறை சுற்றிவந்து, துறைமுக வாய்ப் பக்கமாகப் போனது. சிலர் கை தட்டினார்கள். தட்டவேண்டாம் என்றார் வைத்தியர். இரண்டு நாளைக்குக் கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்ப ஏறினால் உடனே அறிவியுங்கள், அதுவரை பிழைத்தது என்று சொல்ல ஏலாது என்றார்.

சனம் கலைந்தது. அண்ணன் நனைந்த சாரத்தோடு வள்ளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அத்தனை பேருக்கு முன்னால் அவமானப்படுத்தியதற்கு ஏசுவார், கேட்டுக்கொள்வோம் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஏசவில்லை.

"உனக்கு ஒரு வருசமாத் தெரியும்," என்றார்.

ஓம் என்றேன்.

"பிறகும் ரெண்டு தரம் என்னைக் கூப்பிட்டவை. வீடியோவைப் பாத்திட்டுக் கூப்பிட்டவை. ஈச்சிலம்பற்றிலை ஒண்டு, கிண்ணியாவிலை ஒண்டு. ரெண்டையும் நான்தான் இழுத்துக்கொண்டுபோய் விட்டனான். உனக்குச் சொல்லேல்லை. அந்தக் கதையை எடுத்தாலே நீ எழும்பிப் போயிடுவாய். உனக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு இருந்திட்டன்." சாரத்தின் ஓரத்தைப் பிழிந்தார். "கிண்ணியாவிலை ஏறினது குட்டி. இழுக்கேக்கை கத்திக்கொண்டு வந்தது. கடலைக் கண்ட சந்தோசம் எண்டு நினைச்சனான்."

நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும், அதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அவரை நோகடிக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கினேன்.

அண்ணன் நனையாமல் வள்ளத்தில் வைத்திருந்த பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ஈச்சிலம்பற்றுக்காரரின் இலக்கத்தைத் தேடி அழுத்தினார். ஒலிபெருக்கியில் போடவில்லை, ஆனாலும் அந்தப் பக்கம் சந்தோசமாகச் சுகம் விசாரிப்பது எனக்குக் கேட்டது. அண்ணன் இடைமறித்தார்.

"தம்பி, அண்டைக்கு நான் வந்து இழுத்துவிட்டது பிழைச்சிராது. இழுத்ததிலைதான் செத்திருக்கும். இனி ஏறினால் என்னைக் கூப்பிடாதையுங்கோ. கயிறு போட ஒருத்தரையும் விடாதையுங்கோ. ஒரு நம்பர் தாறன், எழுதுங்கோ."

என் பக்கம் கையை நீட்டினார். இலக்கத்தைக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்து, திரும்ப ஒருமுறை படித்து, அவர் எழுதிவிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்தார். பிறகு கிண்ணியாக்காரரின் பெயரைத் தேடத் தொடங்கினார்.